மீன் சொல்லும் சாட்சி

1981-ல் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள வாயலூரில் மட்டி சாப்பிட்ட 3 பேர் இறந்துபோனார்கள். 85 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பதினாறு வருடம் கழித்து, 1997 செப்டம்பரில் கேரளத்தில் விழிஞ்ஞம் பக்கம் இதே கதை. அங்கே சிப்பி. 7 பேர் இறந்தார்கள், ஐந்நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில்.

இந்த மட்டியும் சிப்பியும் கெட்டுப்போனவை அல்ல. பழைய ஸ்டாக் அல்ல. யாரும் மருந்து கலக்கவில்லை. உயிரோடு எடுத்து, கழுவி, மஞ்சள் போட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டவைதான். பிறகு எப்படி?

மட்டிக்குப் பல் கிடையாது. தண்ணீரை உள்ளே இழுக்கும், வடிகட்டும், வெளியே விடும். ஒரு மணி நேரத்தில் லிட்டர் கணக்கில். வடிகட்டியதில் மிஞ்சுவது நுண்பாசி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாசிதான் அதன் சோறு. ஆயிரக்கணக்கான பாசி வகைகளில் சில மட்டும் விஷம் தயாரிப்பவை. வெயிலும் உப்பும் ஊட்டமும் சாதகமாக அமைந்தால் சில நாளில் அவை கோடிக்கணக்கில் பெருகிவிடும். மட்டி பேதம் பார்க்காமல் தின்னும். விஷம் மட்டியை அதிகம் ஒன்றும் செய்யாது. உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒன்றுமே இல்லாதது, ஒரு மட்டியின் சதையில் ஆளைக் கொல்லும் அளவுக்குச் சேர்ந்துவிடும். வேகவைத்தாலும் அந்த விஷம் சாகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு மரத்துப்போகும், விரல் மரத்துப்போகும். அளவு அதிகமானால் மூச்சு விடும் தசையே நின்றுவிடும்.

கடல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்திருந்தால் 'பயப்பட ஒன்றுமில்லை' என்றுகூட ரிப்போர்ட் வந்திருக்கலாம். மட்டியைக் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும்.

தண்ணீரை மட்டும் கேட்டு, உயிரைக் கேட்காமல் விடும் இந்தத் தந்திரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். ஊர், கடலே இல்லாத கொடைக்கானல்.

*

கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி, போட்டிங், ஹோம்மேட் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், பனிமூட்டத்தில் நின்று எடுத்த ஹனிமூன் போட்டோ. எனக்கு தெர்மாமீட்டர் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்று ஓர் ஊர். அங்கே ஓடிக்கொண்டிருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் மெஷின்கள் 1983-ல் கழற்றப்பட்டுக் கப்பலேறி, பழனி மலையின் உச்சியில் கொடைக்கானல் செயின்ட் மேரிஸ் ரோட்டில் வந்து இறங்கின. கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். முகத்துக்குப் பவுடர் கொடுத்தவர்கள்தான். 1987-ல் உலக அளவில் பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியபோது, இந்தத் தொழிற்சாலை ஹிந்துஸ்தான் லீவர் குடும்பத்துக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வரும். தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போகும். நடுவில் சிந்துவதும் உடைவதும் ஆவியாவதும் மட்டும் நமக்கு. என்ன அருமையான பங்குப் பிரிவினை!

2001 மார்ச்சில் குட்டு உடைந்தது. ஜனங்கள் நெருக்கமாக வாழும் மூஞ்சிக்கல்லில், ஒரு காயலான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. கிரீன்பீஸ் அமைப்பும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் உள்ளூர் மக்களும் சேர்ந்து அதை ஊருக்குக் காட்டினார்கள். மறுநாளே தொழிற்சாலை நின்றது. பிறகு திறக்கவே இல்லை. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி, பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குப் போனது. குப்பையை அனுப்பியவன் வீட்டுக்கே திருப்பி அனுப்பியது நம் நாட்டில் அபூர்வமாக நடக்கும் நல்ல காரியம். அதற்காகப் போராடியவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் மூட்டை கட்ட முடிந்த பாதரசம்தான் போனது. மூட்டை கட்ட முடியாதது?

*

பாதரசம் ஒரு விசித்திரமான உலோகம். சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரிச்சல் இல்லை. காற்றோடு போய், மழையோடு இறங்கி, மரத்திலும் பாறையிலும் குளத்திலும் உட்காரும். ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் இயங்கும் ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கொடைக்கானலுக்கு வந்து, மரத்தில் ஒட்டி வளரும் மரப்பாசியையும் பாறைப்பாசியையும் சுரண்டிக்கொண்டு போனார்கள். இவற்றுக்கு ஆழமான வேர் கிடையாது. காற்றில் வருவதைத்தான் உறிஞ்சும். ஆகவே காற்றில் என்ன இருந்தது என்பதற்கு இவைதான் ரிக்கார்டு. அந்த ரிக்கார்டில் பாதரசம் இருந்தது. 2003-ல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அதே குழு அடுத்து ஏரிகளுக்குப் போனது. கொடைக்கானல் ஏரி, பேரிஜம் ஏரி, குக்கல் ஏரி. மூன்றும் பழனி மலையில்தான். 2006-ல் வெளியான அந்த ஆய்விலிருந்து சில எண்கள். கணக்குப் பிடிக்காதவர்களும் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயமே இந்த எண்களில்தான் இருக்கிறது.

கொடைக்கானல் ஏரியின் சேற்றில் ஒரு கிலோவுக்கு 276 முதல் 350 மைக்ரோகிராம் பாதரசம். பேரிஜத்தில் 189 முதல் 226. தள்ளியிருக்கும் குக்கலில் 85 முதல் 91. ஊருக்கு நடுவில் இருக்கும் ஏரியில், குக்கலைப்போல மூன்று, நான்கு மடங்கு.

கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம். நானோ என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் நாட்டின் குடிநீர்த் தரக் கட்டுப்பாடு பாதரசத்துக்கு லிட்டருக்கு 1,000 நானோகிராம் வரை அனுமதிக்கிறது. அதாவது, பாதரசத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், இந்தத் தண்ணீர் பாஸ்!

இனி மீன். கொடைக்கானல் ஏரி மீனில் ஒரு கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம். தண்ணீரில் மெத்தில் வடிவத்தில் இருந்த பாதரசம் லிட்டருக்கு 50 நானோகிராம்தான். மீனில் உள்ள பாதரசம் பெரும்பாலும் அந்த மெத்தில் வடிவம். வகுத்துப் பாருங்கள். தண்ணீரில் இருந்ததைப்போல சுமார் 2,400 மடங்கிலிருந்து 5,800 மடங்கு வரை மீனில் சேர்ந்திருக்கிறது.

வாயலூர் மட்டி செய்த அதே வேலை. விஷம் வேறு, வழி வேறு, கணக்கு ஒன்று.

*

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் நம்மை ஏமாற்ற முடியாது.

ஏரிக்கு அடியில் காற்றுப் புகாத கறுப்புச் சேறு இருக்கிறது. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். சாக்கடையும் அழுகல் குப்பையும் சேரச் சேர, சேற்றில் ஆக்ஸிஜன் குறையும். அந்த பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். (சீசனுக்குச் சீசன் ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்று கூக்குரல் எழும்போது அதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். கம்பெனி மட்டுமல்ல, ஹோட்டல்காரரும், அங்கே ரூம் போடும் நீங்களும் நானும் இதில் பார்ட்னர்.)

மெத்தில் பாதரசத்தை நுண்பாசி உறிஞ்சும். சங்கிலியில் மிகப் பெரிய தாவல் இந்த இடத்தில்தான். பாசியை நீர்ப்பூச்சி தின்னும். பூச்சியைச் சின்ன மீன் தின்னும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும். தின்ற ஒவ்வொருவரும் சாப்பாட்டைச் செரித்துவிடுகிறார்கள், பாதரசத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். வட்டிக்கு வட்டி போடும் மார்வாடிகூட இவ்வளவு வேகமாகச் சேர்க்க மாட்டார்.

இது கொழுப்பில் தங்குவதில்லை, தசையில் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எனவே தோலை உரித்து, கொழுப்பை நீக்கி, புளி போட்டு, நல்ல குழம்பு வைத்தாலும் போகாது. நம் உடம்புக்குள் வந்தால் பாதி வெளியேறவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். கர்ப்பிணியின் உடம்பில் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. குழந்தைதான் கணக்குத் தீர்க்கும்.

*

இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஊர் மினமாட்டா. ஜப்பானில் ஒரு மீனவர் ஊர். அங்கே சிஸ்ஸோ என்ற கெமிக்கல் கம்பெனி 1932-லிருந்து 1968 வரை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. முதலில் பூனைகள் ஆடின. வலிப்பு வந்து சுழன்று சுழன்று கடலில் விழுந்து செத்தன. பிறகு மனிதர்கள். 1956 மே 1-ம் தேதிதான் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. அந்த விரிகுடாவின் மீனும் சிப்பியும் தினசரி சாப்பாடாக இருந்த வீடுகளில்தான் நோய். அரசாங்கம் அங்கீகரித்த நோயாளிகள் மட்டுமே இரண்டாயிரம் பேருக்கு மேல்.

நோயைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப்படுவது, அதை எப்படித் தள்ளிப்போட்டார்கள் என்பது.

1957-ல் அந்த மாகாண அதிகாரிகள் டோக்கியோவுக்கு எழுதிக் கேட்டார்கள்: 'உணவுச் சுகாதாரச் சட்டப்படி இந்த விரிகுடாவின் மீனைத் தடை செய்யலாமா?' சுகாதார அமைச்சகத்தின் பதில் என்ன தெரியுமா? 'அந்த விரிகுடாவில் உள்ள எல்லா மீனும் சிப்பியும் விஷம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. ஆகவே சட்டத்தைப் பிரயோகிக்க முடியாது.'

எல்லா மீனும்! ஒவ்வொரு மீனாகப் பிடித்து, ஒவ்வொன்றும் விஷம்தான் என்று நிரூபித்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம்.

இத்தனைக்கும் அதே ஜப்பானில் இதற்கு முன்னுதாரணம் இருந்தது. ஹமனா ஏரியில் 1942-ல் மட்டி சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் செத்தார்கள். 1949-ல் மறுபடி அதே நோய் வந்தபோது, எந்த விஷம் என்று உறுதியாகத் தெரியாத நிலையிலேயே அந்த மாகாணம் மட்டி எடுப்பதைத் தடுத்துவிட்டது. எது கொல்கிறது என்று ஆராய்ச்சி நடக்கட்டும், அதுவரை யாரும் சாக வேண்டாம் என்பது சாதாரண அறிவு. அந்த அறிவு ஹமனாவில் வேலை செய்தது, மினமாட்டாவில் வேலை செய்யவில்லை. ஏன்? ஹமனாவில் குற்றவாளி ஒரு மட்டி. மினமாட்டாவில் குற்றவாளிக்குப் பெரிய தொழிற்சாலை இருந்தது.

இன்னும் கேளுங்கள். சிஸ்ஸோ கம்பெனியின் சொந்த ஆஸ்பத்திரியில் ஹொசோகவா என்ற டாக்டர். 1959-ல் தொழிற்சாலைக் கழிவை ஒரு பூனைக்குச் சாப்பாட்டில் கலந்து கொடுத்துப் பார்த்தார். அது 400-ம் நம்பர் பூனை. அக்டோபரில் அதற்கு அதே நோய் வந்தது. கம்பெனிக்குச் சொன்னார். கம்பெனி மூடி மறைத்தது. அதே வருடம் டிசம்பர் கடைசியில் நோயாளிகளோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. நஷ்டஈடு என்று சொல்லவில்லை. 'அனுதாபத் தொகை'. அதில் ஒரு ஷரத்து: நாளைக்கே தொழிற்சாலைதான் காரணம் என்று நிரூபணமானாலும் மேற்கொண்டு ஒரு யென்கூடக் கேட்கக் கூடாது. டாக்டர் ஹொசோகவா 1970-ல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபடி கோர்ட்டுக்குச் சாட்சி சொன்னார். 1973-ல் குமாமோட்டோ மாவட்ட நீதிமன்றம் கம்பெனியைக் குற்றவாளி என்றது. அந்த அனுதாப ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கே விரோதமானது, செல்லாது என்று தூக்கிப்போட்டது.

*

'கொடைக்கானலை மினமாட்டா ஆக்கிவிட்டீர்களே!' என்று யாராவது சண்டைக்கு வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் மினமாட்டா அல்ல. மினமாட்டா அளவுக்கு இங்கே மீனில் பாதரசம் இல்லை. ஹைதராபாத் விஞ்ஞானிகள் பரிசோதித்த மீன்கள் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் என்ற வழக்கமான உணவுக் கட்டுப்பாட்டுக்குள்தான் இருந்தன. ஏரியைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம். ஒரு நாள் மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

என் சண்டை நோயின் அளவைப் பற்றி அல்ல. வாதத்தின் முறையைப் பற்றி. 1957-ல் டோக்கியோவில் சொன்ன அதே வாதங்களை அச்சு மாறாமல் இங்கேயும் கேட்கிறோம்.

முதல் வாதம்: 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது.' யாருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2003-ல் ஒரு வரம்பு சொன்னது. உடல் எடை கிலோவுக்கு வாரத்தில் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். கருவில் இருக்கும் குழந்தையின் மூளையைக் கணக்கில் வைத்துச் சொன்னது. 50 கிலோ எடையுள்ள ஒரு கர்ப்பிணிக்கு வாரத்துக்கு 80 மைக்ரோகிராம். கிலோவுக்கு 290 என்ற கணக்கில் உள்ள ஏரி மீனை வாரத்தில் சுமார் 275 கிராம் சாப்பிட்டாலே வரம்பு முடிந்தது. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 80 கிராமிலேயே முடிந்துவிடும். இரண்டு துண்டு மீன். ஒரு நாள் வந்து போகும் டூரிஸ்டுக்கு இது ஒன்றுமே இல்லை. தூண்டில் போட்டு ஓசியில் கிடைக்கும் மீனை வாரத்தில் மூன்று நாள் குழம்பு வைக்கும் ஏழை வீட்டுக்கு? சராசரி என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவன் பணக்காரனாகத்தான் இருக்க வேண்டும். சராசரியில் ஏழையின் தட்டு எப்போதும் காணாமல் போய்விடும்.

இரண்டாவது வாதம்: 'ஏரி வேறு பக்கம், தொழிற்சாலை வேறு பக்கம். இது வேறு நீர்ப்பிடிப்பு.' கம்பெனி சொன்னது இது. வரைபடத்தில் சரிதான். தொழிற்சாலைச் சரிவின் தண்ணீர் பாம்பார் சோலைக்குள்தான் இறங்குகிறது. ஆனால் ஆவிக்கு வரைபடம் தெரியாதே! மரப்பாசி சொன்ன சாட்சி எதற்கு? ஏரியின் மாசுக்குத் தொழிற்சாலையிலிருந்து வெளியேறிய பாதரசமே காரணம் என்று 2006 ஆய்வு முடிவு சொல்கிறது. அது போகட்டும். தண்ணீர் அந்தப் பக்கம் இறங்குகிறது என்றால், அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? பழனி மலைக்கே உரிய அபூர்வச் செடிகள் வாழும் பாம்பார் சோலை. அதிலிருந்து பாம்பாறு. அது கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் வைகைப் படுகைக்கு இறங்குகிறது. 'உன் வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில்தான் கொட்டினேன்' என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றிலும் அபாரம். தொழிற்சாலை மண்ணை எந்த அளவு வரை சுத்தம் செய்ய வேண்டும்? கிலோவுக்கு 20 மில்லிகிராம் மிச்சம் இருக்கலாம் என்று நாக்பூர் நீரி நிறுவனத்தின் அபாய மதிப்பீட்டை வைத்து முடிவு செய்தார்கள். 1 மில்லிகிராம் வரை சுத்தம் செய் என்று உள்ளூர்க்காரர்களும் சுற்றுச்சூழல்காரர்களும் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அந்த 20 மில்லிகிராம் என்பது, அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவனுக்கு ஆபத்தா என்று பார்க்கும் கணக்கு. சரி, மலை உச்சியில், அடிவாரம் வரை சரியும் இடத்தில், வருடா வருடம் மழை அரிக்கும் மண்ணில் நின்று அந்தக் கணக்கைப் போடலாமா? ஏரிச் சேற்றில் இருந்தது கிலோவுக்கு அதிகபட்சம் 0.35 மில்லிகிராம். அந்தச் சேறே மீனில் இவ்வளவு சேர்க்கப் போதுமானதாக இருந்தது. உச்சியில் அதைப்போல 57 மடங்கு வரை விட்டுவைக்கலாமாம்! மேலே இருக்கும் மண் என்றைக்காவது கீழே வந்து சேறாகும் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். குடியிருப்பவனைக் கேட்டார்கள், மீனைக் கேட்கவில்லை.

*

மட்டியையும் மீனையும் பற்றிப் பேசிக்கொண்டே முக்கியமான மனிதர்களை விட்டுவிடக் கூடாது. ஏரி மீனுக்கு முன்னால் பாதரசம் சேர்ந்தது தொழிலாளிகளிடம். சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டியவர்கள், அந்தத் துணியோடு வீட்டுக்குப் போனவர்கள். சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, கருச்சிதைவு என்று அவர்கள் சொன்னதையெல்லாம் கம்பெனி மறுத்தது. தன் தொழிற்சாலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்று தான் ஏற்பாடு செய்த ஆய்வுகளைக் காட்டியது. தொழிலாளிகள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு, தொழிலாளிகள் மட்டுமல்ல, அவர்கள் குழந்தைகளும் பாதரசத்தால் பாதிக்கப்பட்டதற்குச் சான்று இருப்பதாகச் சொன்னது. அப்போதும் அசையவில்லை. 2015-ல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் ஒரு ராப் பாட்டுப் பாடி, அது உலகமெல்லாம் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளிகளோடும் குடும்பங்களோடும் ஒப்பந்தம் கையெழுத்தானது. கருணைத் தொகை. எவ்வளவு என்பது வெளியே சொல்லப்படவில்லை.

தொழிற்சாலை மூடிப் பதினைந்து வருடம். அதற்குள் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மருந்துச் செலவுக்குப் பணம் வேண்டும். ஆனால் 'அனுதாபம்', 'கருணை' என்ற வார்த்தைகளை மட்டும் கவனியுங்கள். 1959 மினமாட்டாவிலிருந்து 2016 கொடைக்கானல் வரை கம்பெனிகளின் அகராதியில் 'தப்பு' என்ற வார்த்தைக்கு மட்டும் இடமே இல்லை. தப்பு செய்யாதவன் எதற்குக் கருணை காட்ட வேண்டும்?

*

இதற்கெல்லாம் என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றே மூன்று.

ஒன்று: வருடத்துக்கு இரண்டு முறை கொடைக்கானல் ஏரி, பாம்பாறு, கும்பக்கரை மூன்று இடத்திலும் மீனைப் பிடித்துப் பாதரசம் பாருங்கள். தண்ணீரைப் பார்த்துவிட்டு 'ஓகே' என்று எழுதாதீர்கள். மீனைப் பாருங்கள். கடற்கரையில் மட்டிக்கும் சிப்பிக்கும் இதேதான். ஐரோப்பாவில் சிப்பி எடுக்கும் இடங்களைத் தொடர்ந்து பரிசோதித்து, விஷம் ஏறினால் அந்த இடத்தை மூடிவிடுகிறார்கள். நாமும் வெளிநாட்டுக்குப் போகும் பண்ணை இறாலை என்ன மருந்து இருக்கிறது என்று சோதித்துத்தான் அனுப்புகிறோம். வெள்ளைக்காரன் வயிற்றுக்குக் காட்டும் மரியாதையை வாயலூர் வயிற்றுக்கும் பெரியகுளம் வயிற்றுக்கும் காட்டினால் என்ன?

இரண்டு: ரிசல்ட்டை ஃபைலில் போட்டுப் பூட்டாதீர்கள். ஏரிக்கரையில், போட் டிக்கெட் கொடுக்கும் இடத்தில், தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இந்த மீனைக் கர்ப்பிணிகள் வாரத்தில் எவ்வளவு சாப்பிடலாம், குழந்தைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று. 'டூரிஸம் படுத்துவிடும்' என்பார்கள். அந்தத் தெர்மாமீட்டர் மெஷின்கள் கிளம்பி வந்த அதே நியூயார்க் மாநிலத்தில், எந்த ஏரி மீனை எத்தனை வேளை சாப்பிடலாம் என்று சுகாதாரத் துறை ஏரி வாரியாகப் பட்டியல் வெளியிடுகிறது. அங்கே டூரிஸம் படுக்கவில்லை. மெஷினை மட்டும் இறக்குமதி செய்தோம், பட்டியலை விட்டுவிட்டோம்.

மூன்று: நிரூபிக்கும் பாரத்தை இடம் மாற்றுங்கள். பாதிக்கப்பட்டவன் சிறுநீரையும் ரத்தத்தையும் ஃபைலையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குக் கோர்ட் அலைந்து 'இது உன்னால்தான்' என்று நிரூபிக்க வேண்டும் என்பது 1957 டோக்கியோ முறை. விஷத்தைக் கையாண்டவன் 'இது என்னால் இல்லை' என்று நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் செலவை ஏற்கட்டும். தொழிலாளிகளுக்கும் அவர்கள் குழந்தைகளுக்கும் ஆயுசு முழுக்க மருத்துவப் பரிசோதனை என்பது கருணை இல்லை, கடன்.

பாதரசத்துக்காக உலக நாடுகள் 2013-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதற்கு மினமாட்டா என்றே பெயர் வைத்தார்கள். 2018-ல் இந்தியாவும் அதை ஏற்று உறுதி செய்தது. கையெழுத்துப் போட்ட கை கொடைக்கானல் வரை நீண்டு, ஏரியில் ஒரு வலை வீசினால் போதும்.

அடுத்த சீசனுக்கு நீங்கள் கொடைக்கானல் போவீர்கள். போங்கள். படகில் ஏறும் முன், டிக்கெட் கொடுப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஏரி மீனைக் கடைசியாக எப்போ டெஸ்ட் பண்ணாங்க? ரிசல்ட் என்ன?' அவருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பரவாயில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் அதே கேள்வியைக் கேட்டால், அவர் தன் மேலதிகாரியிடம் கேட்பார். அவர் கலெக்டரிடம் கேட்பார். மட்டியிலும் மீனிலும் விஷம் துளித் துளியாகச் சேர்ந்துதான் பெரிதாகிறது. கேள்வியும் அப்படிச் சேரட்டும்.